கிணற்றுக்குள் நான் ஒட்டிய பெண்

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குத்தான் வாங்குவோம், வாசலில் கட்டுவதற்கு இல்லை. கணபதி ஏரியாவில் என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை, விசைத்தறிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறார், அங்கேகூட ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதோடு சரி. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், பையன் போன துக்கத்தில் இந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். என் கூடப்பிறந்த தங்கையே அப்படித்தான் நினைக்கிறாள். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் அமாவாசை இருட்டில் இல்லை, பட்டப்பகலில், குக்கர் அடுப்பில் இருக்கும்போது.

கோகுல் எங்களுக்கு ஒரே பையன். பீளமேட்டில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பியவன் போய்ச் சேரவில்லை. வண்டி மட்டும் பீளமேடு ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றது, ஒழுங்காகப் பூட்டி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி. போன் அணைந்திருந்தது. சண்டை இல்லை, காதல் இல்லை, பரீட்சையில் தோல்வி இல்லை, ஒரு வரி எழுதிக்கூட வைக்கவில்லை. போலீஸ் தேடியது, அவன் நண்பர்கள் தேடினார்கள், நாங்கள் ஊர் ஊராகப் பஸ் நிலையங்களில் நோட்டீஸ் ஒட்டினோம். சொந்தக்காரர்கள் மை போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் இரண்டு இடத்துக்குப் போய் வந்தார், ஒருவர் வடகிழக்கே இருக்கிறான் என்றார், இன்னொருவர் தெற்கே என்றார். அது தெரிந்த பிறகு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். வாய்க்கு வந்த திசையைச் சொல்ல என் பிள்ளை என்ன கட்டவிழ்த்துக்கொண்டு போன கன்றுக்குட்டியா.

நோட்டீஸ் அடிக்கிற கடையில் அவன் தனியாக இருக்கிற போட்டோ வேண்டும் என்றார்கள். என் போனில் இருந்ததெல்லாம் கண்ணாடி போட்டு நாக்கை நீட்டிய படங்கள். முகம் தெளிவாக இருந்தது என் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்தில் எடுத்த பெரிய படம் ஒன்றுதான், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் அவன். சட்டத்திலிருந்து உருவி, தையல் கத்தரியால் அவனை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். வெட்டத் தேவையே இல்லை, ஸ்கேன் செய்தால் போதும் என்று கடைப்பையன் பிறகுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவன் உருவத்தில் ஒரு ஓட்டை. அதைப் பார்க்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. பழைய காலண்டர் ஒன்றிலிருந்து ஒரு மாமரத்தை வெட்டி அந்த ஓட்டைக்குமேல் ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது, அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அழவில்லை. அவன் போன பிறகு அப்படி ஒரு ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அப்படித்தான் ஆரம்பித்தது. இதற்குக் கொலாஜ் என்று பெயர் என்பதே பக்கத்து வீட்டு சுதாவின் மகள் நித்யா சொல்லித்தான் தெரியும். பழைய பேப்பர் கடை முருகேசன் அண்ணன் எனக்கென்று எடுத்து வைப்பார், மங்கிப்போன வாரப் பத்திரிகைகள், விவசாய மாத இதழ்கள், மில்காரர்கள் துணிப் பேல் மூட்டைகளில் ஒட்டுகிற வண்ண லேபிள்கள், யானையும் மயிலும் கிளியும் போட்டது, பழைய சோப்பு விளம்பரங்கள். கோகுலின் அறையில் அவன் மேஜைமேல் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு படத்தின் மலை, இன்னொன்றின் வானம், வேறெங்கோ இருந்த சைக்கிள் என்று சேர்த்துச் சேர்த்து, எங்கேயும் இல்லாத ஓர் இடத்தை உண்டாக்குவது. எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மனிதர்களை வெட்டினால் தலையிலிருந்து பாதம்வரை முழுசாகத்தான் வெட்டுவேன். பாதியில் வெட்ட மனசு வராது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் மாசி மாதத்தில் முருகேசன் அண்ணன் ஒரு சாக்கு கொடுத்தார். கருமத்தம்பட்டியில் மூடிப் பல வருஷமான ஒரு போட்டோ ஸ்டுடியோவைக் காலி செய்தபோது எடைக்கு வந்ததாம். கறுப்பு வெள்ளைப் படங்கள், நூறு இருக்கும். கல்யாண ஜோடிகள், மொட்டையடித்த குழந்தைகள், பாஸ்போர்ட் முகங்கள். அதில் ஒரு பெண். பதினெட்டு பத்தொன்பது வயது, பாவாடை தாவணி, இரட்டைச் சடையை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள், கையில் பெரிய வாட்ச், ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பை அடக்குகிற மாதிரி உதடு. பின்னால் பென்சிலில் ஓர் எண் மட்டும், பெயர் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று தனியாக எடுத்து வைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மதியம் துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு, விசில் வருவதற்குள் ஓரத்தையாவது வெட்டுவோம் என்று அந்தப் படத்தையும் கத்தரியையும் எடுத்தேன். மணி பன்னிரண்டரை. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருப்பது. அடுத்து நினைவு இருப்பது, யாரோ கதவை உடைக்கிற மாதிரித் தட்டிய சத்தம். போய்த் திறந்தால் சுதா நிற்கிறாள், பின்னால் இரண்டு பேர், வீடு முழுக்கப் புகை. குக்கரின் வால்வு வெடித்துப் பருப்பு சுவரெல்லாம் தெறித்துக் கரியாகியிருந்தது, அந்தச் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கிறது, ஐந்தடி தள்ளி அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. மணி மூன்றே முக்கால். என் கட்டைவிரலில் கத்தரி உரசிக் கொப்புளம் வந்து, அது உடைந்தும் போயிருந்தது.

சுதா அடுப்படியைக் கழுவிவிட்டுப் போன பிறகு மேஜையைப் போய்ப் பார்த்தேன். படம் முடிந்திருந்தது. நான்தான் செய்திருக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் பசை. விவசாய இதழிலிருந்து ஒரு கல்கட்டுக் கிணறு. அதன் விளிம்பில், அந்தக் காலத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க நட்டிருப்பார்களே, அந்த மாதிரி இரண்டு கல்தூண்கள், அதில் ஒன்றின் தலையை நான் வெட்டி எறிந்திருந்தேன். தள்ளி ஒரு சோப்பு விளம்பரத்தின் நீலத்தில் வெட்டிய கதவு வைத்த மோட்டார் ரூம். காலண்டரில் இருந்து இரண்டு பனைமரம், ஒன்றுக்கு ஓலை இருக்கிறது, ஒன்று வெறும் மொட்டை. கிணற்றுக்குள் அந்தப் பெண். நெஞ்சுக்குக் கீழே அவளை வெட்டிவிட்டிருந்தேன். முழுசாகத்தான் வெட்டுவேன் என்றேனே, அப்படிப்பட்ட நான் அவளைப் பாதியாக வெட்டி, கிணற்றுத் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி ஒட்டியிருந்தேன். அண்ணாந்து பார்க்கிறாள். அந்தப் போட்டோவில் அவள் நேராகத்தான் பார்த்தாள், அது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அங்கே ஒட்டிய பிறகு அண்ணாந்துதான் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ராத்திரி தூங்க டாக்டர் கொடுத்த மாத்திரையின் வேலை இது என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். படத்தைக் கட்டுக்குள் போட்டுவிட்டு, சமைக்கும்போது கத்தரியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நித்யா தன் கல்லூரி விழாவுக்கு என் படங்களை ஒரு ஹாலில் மூன்று நாள் மாட்டி வைக்கிறோம் ஆன்ட்டி என்று கேட்டாள். கட்டோடு கொடுத்தேன், அவளாக இருபது எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நானே போய்க் கழற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் கூட்டம் இல்லை. கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, அறுபது வயது தாண்டியிருக்கும், கல்லூரியில் துப்புரவு வேலைக்காரர்கள் போடுகிற நீலக் கோட்டுடன் அந்தக் கிணற்றுப் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். நான் அதைக் கழற்றக் கையை வைத்தபோது விலகவில்லை.

"ஏனுங்க அம்மணி, இது நீங்க செஞ்சதுங்களா?"

ஆமாங்க்கா என்றேன்.

"இந்தப் புள்ள உங்களுக்கு யாருங்க?"

யாரும் இல்லை, பழைய பேப்பர் கடையில் கிடைத்த போட்டோ என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டார், படத்தைத் தொடப்போகிறவர் மாதிரி. ஆனால் தொடவில்லை.

"இது என்ற அக்காங்க. பிலோமினா. அந்த வாட்சு ஸ்டுடியோக்காரரு குடுத்ததுங்க. மாப்ள ஊட்டுக்கு அனுப்பறதுக்கு எடுத்தது. செருப்போட நிக்கக் கூடாதுன்னாருங்க, நாந்தான் அவ செருப்பக் கையில புடிச்சுட்டு வெளிய நின்னேன்."

அவர் பெயர் ஆரோக்கியமேரி. அவர் சொன்னதை நானே சுருக்கிச் சொல்கிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை, அங்கேயே ஒரு குடிசையில் குடியிருப்பு. ஆரோக்கியத்துக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, போட்டோ எடுத்த அடுத்த மாதம், தண்ணிக்குப் போன பிலோமினா திரும்பவில்லை. யாருடனோ ஓடிவிட்டாள் என்று தோட்டத்துக்காரர் வீட்டில் சொன்னார்கள், ஊரும் சொன்னது, அப்பாவும் நம்பிவிட்டார். வீட்டில் இருந்த ஒரே போட்டோவைக் கிழித்து அடுப்பில் போட்டார். வெளியூரில் பிலோமினாவைப் பார்த்தேன், இடுப்பில் குழந்தை இருந்தது என்றுகூட ஒருவர் வந்து சொன்னாராம். அந்தக் குழந்தைக்காக அம்மா ஒரு சட்டை தைத்து வைத்திருந்து, வைத்திருந்தே செத்துப்போனார். ஆரோக்கியம் அக்காவின் முகத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. மறந்தே போச்சுங்க, இன்னைக்குப் பாத்ததும் வந்துருச்சு என்றார்.

இதுவரைக்கும் சரி. ஸ்டுடியோ நெகட்டிவிலிருந்து ஒரு பிரதி கிடந்திருக்கும், அது என்னிடம் வந்திருக்கும், உலகத்தில் நடக்காததா. ஆனால் அவர் அடுத்துக் கேட்டது போட்டோவைப் பற்றி இல்லை.

"போட்டோ செரிங்க. எங்க தோட்டத்துக் கெணறு இங்க எப்புடிங்க வந்துச்சு?"

ஒவ்வொன்றாக விரலை நீட்டிச் சொன்னார். இந்தத் தூண் வண்டி இடித்து உடைந்தது. இந்தப் பனை இடி விழுந்து மொட்டையானது. மோட்டார் ரூமுக்கு நீலக் கதவு, கோயில் தேருக்கு அடித்த பெயின்ட் மிச்சத்தில் அடித்தது. நான் கிணற்றை வெட்டியது ஒரு புத்தகத்தில், தூணை ஒரு புத்தகத்தில், பனையைக் காலண்டரில். வெட்டிய துண்டுகளின் மிச்சம்கூட வீட்டுக் கூடையில் இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காணாமல் போனவர்களைத் தேடுகிற ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவோம். உங்க ஊட்லயும் யாரோ போயிருக்குதுங்களா என்று அவராகவே கேட்டார். பையன் என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அந்த அம்மா ஏதோ சொல்லுது, நீயும் கேட்டுட்டு வர்றே என்றார். ஆனால் கருமத்தம்பட்டியில் அவர் சாமான் கொடுக்கிற தறிக்கூடங்கள் நிறைய, அந்தத் தோட்டம் எது என்று விசாரித்தபோது அவருக்குத் தெரிந்த இடமாகவே இருந்தது. பாதி நிலத்தில் தறிக்கூடம் வந்துவிட்டது, பழைய தோட்டத்துக்காரர் செத்து இருபது வருஷம், பேரன் யாரோ வெளிநாட்டில். கிணறு வற்றி, கூடத்துக்குப் பின்னால் முள்ளுக்குள் கிடக்கிறது, குடோன் கட்ட அதை மூடப்போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிட்டால் எனக்குத் தெளிந்துவிடும் என்று நினைத்துத்தான் அவர் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தறிச் சத்தம் காதை அடைத்தது. சீமைக்கருவேல முள்ளை வெட்டிவிட்டு உள்ளே போனால், பனை இல்லை, மோட்டார் ரூம் இருந்த இடத்தில் கல் அஸ்திவாரம் மட்டும் இருந்தது. கிணறு இருந்தது. இரண்டு தூண்களும் இருந்தன, ஒன்றுக்குத் தலை இல்லை. நான் படத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே நின்றால் இது இப்படித் தெரியும் என்று பார்த்தபடி நகர்ந்தேன். வடகிழக்கு மூலையில், விளிம்பிலிருந்து இரண்டடியில், சரியாகப் பொருந்தியது. தூண், கதவு இருந்த இடம், கிணற்றின் வாய், எல்லாம். ஆரோக்கியம் அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, இந்த எடத்துல ஒருத்தரு நின்னு பாத்துட்டே இருந்துருக்காங்க, அம்மணி."

நான் நின்ற இடத்திலிருந்து சட்டென்று விலகினேன்.

மேனேஜர் நல்ல மனிதர். மூடுவதற்கு முன்னால் குப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று மறுநாளே கிணறு தூர் வாருகிற ஆட்களை இறக்கினார். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு மேலே வந்த கூடையில் சேற்றோடு ஒரு ஜெபமாலை. மணிகள் கண்ணாடி, அறுந்துபோன ஓரிடத்தில் கம்பியால் முறுக்கி இணைத்திருந்தது. ஆரோக்கியம் அக்கா அதை வாங்கிக் கழுவவில்லை, சேற்றோடு மடியில் வைத்துக்கொண்டார். முறுக்கியது எங்கப்பாங்க என்றார். அடுத்த கூடையில் வந்ததைப் பார்த்ததும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிறகு போலீஸ், பரிசோதனை, கையெழுத்து என்று ஐந்தாறு மாதம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். கிணற்றை மூடுவதற்கு முன்னால் அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்தது என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டி ஒரு குழந்தைக்குச் செய்கிற அளவுதான். எல்லாரும் போன பிறகு ஆரோக்கியம் அக்கா என் இரண்டு கையையும் எடுத்து அவர் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"தள்ளி உட்டாங்களா, தானா உழுந்தாளான்னு கேக்கறதுக்கு இனி ஆளில்லீங்க. ஆனா ஓடிப் போகல பாருங்க. எங்கம்மா சட்ட தச்சாளேன்னுதான் நெஞ்சு அடைக்குது."

அப்புறம் என் கைகளை விட்டுவிட்டுச் சொன்னார். "உங்க பையனுக்கும் செஞ்சு பாருங்க அம்மணி."

அவர் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மை போட்டுப் பார்ப்பவர்களைத் திட்டிய நான், அன்று வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றாமல் கோகுலின் அறைக்குப் போய் என் போனில் இருந்து பிரின்ட் போட்டிருந்த அவன் படங்களை எடுத்தேன். அந்த மதியம் இருந்த மாதிரியே எல்லாம் இருக்க வேண்டும் என்று, நம்பினால் நம்புங்கள், அடுப்பில் துவரம்பருப்பை வைத்தேன். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன். விசில் கேட்டது. ஒவ்வொரு விசிலும் கேட்டது. என் கை என் கையாகவே இருந்தது. ரயில், தண்டவாளம், பாலம், ஆறு, காடு, ஆஸ்பத்திரி, கடற்கரை என்று ஒவ்வொரு படமாக வெட்டி வெட்டி ஒட்டினேன், எல்லாமே நான் யோசித்து ஒட்டியதுதான், எதுவும் தானாக வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். நாற்பது படத்துக்கு மேல் செய்திருப்பேன். யாரோ பெற்ற பெண்ணுக்கு வந்த கை என் பிள்ளைக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் அறை வாசலில் நின்றார். மேஜை, கட்டில், தரை எல்லாம் கோகுல்.

"மகேசு, போதும் உட்ரு கண்ணு. வந்தா என்னன்னு வரும்னு யோசிச்சுப் பாத்தியா?"

யோசிக்காமல் இருப்பேனா. பிலோமினாவுக்கு வந்தது கிணறு. என் பிள்ளைக்கு வந்தாலும் அப்படி ஓர் இடம்தானே வரும். ஒரு புதரோ, ஒரு பாலத்தடியோ. பெற்றவள் அதற்கு ஆசைப்படுவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆசைப்பட்டேன். அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், ஆரோக்கியம் அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். போய் உட்கார அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், இப்போதெல்லாம் போன் செய்தால் பையனைப் பற்றிக் கேட்பதில்லை.

என் வீட்டுக்காரர் போதும் என்று சொன்ன மறுநாள் கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிட முடிவு செய்தேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று, எதையும் தேடாமல், சும்மா, அவனுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் செய்துவிடலாம் என்று தோன்றியது. பச்சை மலை, மேகம், ஒரு மண்பாதை. பாதையில் அவனை முழுசாக, பாதம்வரை வெட்டி ஒட்டினேன். காலையில் பார்த்தால் அவன் தரையில் கிடந்தான். பசை நீர்த்துவிட்டது என்று மறுபடி ஒட்டினேன். மறுநாளும் விழுந்து கிடந்தான். மலை விழவில்லை, மேகம் விழவில்லை. மைதா பசையை விட்டுவிட்டுக் கடையில் விற்கிற வெள்ளைப் பசை, பிறகு தச்சர்கள் மரத்துக்குப் போடுகிற பசை என்று எல்லாம் பார்த்தேன். அந்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் அவன் கழன்று கட்டுக்குள்ளேயே கிடந்தான், ஒவ்வொன்றிலும். பின்பக்கம் தடவிப் பார்த்தால் பசையின் சுவடே இல்லை, அப்போதுதான் பிரின்ட் போட்டு வந்த காகிதம் மாதிரி வழவழவென்று இருந்தது.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குப் புரியும். உயிரோடு இருக்கிறவன், அதனால்தான் ஒட்டவில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது, அடுப்படிக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு என் வீட்டுக்காரரின் படத்தை அதே காகிதத்தில் ஒட்டினேன். ஒட்டியது. என் படத்தை ஒட்டினேன், ஒட்டியது. செத்துப்போன என் அப்பாவின் படத்தை ஒட்டினேன், அதுவும் ஒட்டியது. இருக்கிறவர்களும் ஒட்டுகிறார்கள், போனவர்களும் ஒட்டுகிறார்கள். அப்படியானால் கோகுல் என்ன? யாரிடம் போய்க் கேட்பது இதை?

என் வீட்டுக்காரர் இந்தப் பசை விஷயத்தை நம்பவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து பதினைந்து கிலோ இரும்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே மைதா பசை தடவி, அவரே பையனை அந்த மண்பாதையில் ஒட்டி, துணியை விரித்து, கட்டையை மேலே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நானும் அவரும் சேர்ந்துதான் திறந்தோம். கட்டை வைத்த இடத்தில் இருந்தது, துணி இருந்தது. அவன் உருவம் மட்டும் ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தது. அவர் கட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார், துணியை எடுத்தார், பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் அவர் வருவதில்லை.

துணிக்கு அடியில் மலையும் மேகமும் பாதையும் அப்படியே இருந்தன. பாதையில் பசை மட்டும் இருந்தது, தலை, தோள், கால் என்று அவன் உருவத்தில், பளபளவென்று. மைதா பசை வெயில் காலத்தில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இது காயவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடம் பேச உட்காருவதற்கு முன்னால்கூட உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஈரமாகத்தான் இருக்கிறது.